ஆடு மேய்ந்த மண்

(மேலநீலிதநல்லூரில் நடந்த ஆசிரியர் கூட்டம் ஒன்றில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறோம். அதனால் இரு தரப்பாருக்கும் தெரிந்த ஒரு பொருளிலிருந்து தொடங்குகிறேன். சங்கரன்கோவிலுக்குப் போனால் நாம் எல்லோரும் புற்றுமண் வாங்கி வருகிறோம். நெற்றியில் இட்டுக்கொள்கிறோம், வீட்டில் பத்திரமாக வைக்கிறோம். பக்தியை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன். புற்றை எழுப்பியது யார்? கரையான். அந்த மண்ணை அது எங்கிருந்து கொண்டு வந்தது? பெரும்பாலும் நிலத்துக்கு அடியிலிருந்து. நாம் கலப்பையால் தொடாத ஆழத்து மண்ணை ஒரு சிறு பூச்சி வாயில் கவ்வி மேலே கொண்டுவந்து வைக்கிறது. மண்ணுக்கும் உயிர்களுக்கும் உள்ள இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். வகுப்பறையில் நான் செய்த ஒரு தவறுதான் என்னை இதற்குள் இழுத்துவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதம். ஒன்பதாம் வகுப்பில் கார்பன் சுழற்சி நடத்திக்கொண்டிருந்தேன். பாடத்தோடு சேர்த்துச் சுற்றுச்சூழல் கேட்டைப் பற்றியும் நாலு வார்த்தை சொன்னேன். "ஆடு மேய்ந்தால் புல் அழியும், புல் அழிந்தால் மண் கெடும், மண் கெட்டால் மழை குறையும்" என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டு எழுதினேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் வகுப்பே திரும்பி ஒரு பையனைப் பார்த்தது. அவன் வீட்டில் ஆட்டுக்கிடை வைத்திருக்கிறார்கள். இடைவேளையில் பிள்ளைகள் அவனிடம், "உங்க ஆட்டாலதாம்ல மழை பெய்ய மாட்டேங்கு" என்று சொன்னது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மறுநாள் அவன் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை.

சனிக்கிழமை தேடிப் போனேன். ஊருக்கு வெளியே ஒரு செவக்காட்டில் கிடை மறித்திருந்தார்கள். பையன் குட்டிகளை அடைத்த கூடைக்குப் பக்கத்தில் நின்றான், என்னைப் பார்க்கவில்லை. அவனுடைய அப்பாதான் பேசினார். கோபமாகப் பேசவில்லை, நிஜமாகவே சந்தேகம் கேட்பவர் மாதிரி கேட்டார்: "நம்ம ஆடு மண்ணக் கெடுக்குன்னு பாடத்துல போட்டுருக்காம்லா சார்? அப்ப சம்சாரிமாருக எதுக்குத் துட்டு குடுத்து ராத்திரிக்குக் கிடை போடச் சொல்லுதாக?"

என்னிடம் பதில் இல்லை. 'ஆட்டு எரு அந்த வருஷத்துக்கு, மாட்டு எரு மறு வருஷத்துக்கு' என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். என் தாத்தாவும் கிடை போட்டவர்தான். அறிவியல் ஆசிரியரான பிறகு அது என் நினைவில் இல்லாமல் போய்விட்டது. "பார்த்துச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை மூன்று பகுதிகளாகச் சொல்கிறேன்.

முதலாவது, மண்ணில் உள்ள கார்பன். கார்பன் என்றால் நம் பிள்ளைகளுக்குப் புகையும் மரமும்தான் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் உலக நிலப்பரப்பின் மேல் ஒரு மீட்டர் மண்ணில் மட்டும் ஏறத்தாழ 1,500 பில்லியன் டன் கார்பன், உயிரிகளிலிருந்து வந்த பொருளாகத் தங்கியிருக்கிறது. காற்றில் உள்ளதையும் செடிகொடிகளில் உள்ளதையும் கூட்டினால்கூட அதைவிடக் குறைவு. காட்டில் கார்பனில் ஒரு பெரிய பங்கு கண்ணுக்குத் தெரியும் மரத்தில் நிற்கும். புல்வெளியில் அது தரைக்குக் கீழே, வேரிலும் மண்ணிலும் இருக்கும். மேலே பார்த்தால் வெறும் புல், கீழேதான் உண்டியல்.

அந்த உண்டியலில் போடுவதும் எடுப்பதும் தினமும் நடக்கின்றன. புல் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்து வேர் வளர்க்கிறது. வேர் செத்தால் மண்ணின் நுண்ணுயிரிகள் அதைத் தின்கின்றன. தின்றதில் ஒரு பங்கை மூச்சாக வெளியே விடுகின்றன, ஒரு பங்கு அவற்றின் உடலாகிறது. அவை மடிந்த பிறகு அந்த மிச்சம் களிமண் துகள்களோடு ஒட்டிக்கொண்டு பல காலம் தங்குகிறது. ஆகவே மண்ணில் கார்பன் கூடுமா குறையுமா என்பது எவ்வளவு போகிறது, எவ்வளவு வருகிறது என்ற வரவு செலவுக் கணக்குதான்.

இரண்டாவது, மேயும் விலங்குகள். புல்லின் வளரும் நுனி அதன் அடிப்பகுதியில், தரையை ஒட்டி இருக்கிறது. ஆகவே அளவாகக் கடித்தால் புல் சாகாது, மறுபடி துளிர்க்கும். கடித்த புல்லில் ஒரு பங்கு சாணமாகவும் மூத்திரமாகவும் அங்கேயே விழுகிறது. அதிலுள்ள நைட்ரஜன் நுண்ணுயிரிகளுக்குத் தீனி. ஆனால் துளிர்க்க நேரம் கொடுக்காமல் திரும்பத் திரும்பக் கடித்தால் வேர் சுருங்கும், தரை வெறுமையாகும், குளம்பு மிதித்து மண் இறுகும், மழை வந்தால் மேல்மண் ஓடிவிடும். நான் கரும்பலகையில் எழுதியது இந்தப் பிந்திய பாதியை மட்டும்.

இதைப் பல ஆண்டுகள் பொறுமையாக அளந்து பார்த்தவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். இமாசலப் பிரதேசத்தில் ஸ்பிதி என்று ஒரு பள்ளத்தாக்கு. அங்கே கிப்பர் என்ற ஊர், 4,000 மீட்டருக்கு மேல் உயரம். யாக், ஐபெக்ஸ் என்னும் காட்டாடு, நீல ஆடு போன்றவை மேயும் குளிர்ந்த புல்வெளி. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் சுமந்தா பக்சியும் அவருடைய குழுவினரும் அங்கே சில இடங்களுக்கு வேலி போட்டு விலங்குகள் நுழையாமல் தடுத்தார்கள். பக்கத்திலேயே வேலியில்லாத இடங்களை அப்படியே விட்டார்கள். 2005-இல் தொடங்கி 16 ஆண்டுகள் இரண்டு பக்க மண்ணையும் எடுத்து எடுத்து அளந்தார்கள். முடிவை 2022-இல் வெளியிட்டார்கள். விலங்குகளை விலக்கிய மண்ணில் கார்பனின் ஏற்ற இறக்கம் 30 முதல் 40 சதவீதம் அதிகமாக இருந்தது. மேய்ச்சல் இருந்த மண்ணில் கார்பன் அவ்வளவு ஆடவில்லை. அந்த நிதானத்துக்கு நைட்ரஜன் முக்கியக் காரணம் என்று கண்டார்கள்.

இதில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். மேய்ந்தால் கார்பன் பெருகும் என்று அவர்கள் சொல்லவில்லை. நிலையாக இருக்கும் என்றுதான் சொன்னார்கள். ஒரு வருஷம் நிறைய, மறு வருஷம் ஒன்றுமில்லை என்று ஆடுகிற சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியுமா? மண்ணுக்கும் அப்படித்தான்.

கிடைக்காரருக்குச் சொல்ல நல்ல பதில் கிடைத்துவிட்டது என்று நான் மகிழ்ந்தபோது, அதே குழுவின் அடுத்த ஆய்வு 2023-இல் வந்தது. காட்டு விலங்குகள் மேய்ந்த மண்ணையும் வளர்ப்புக் கால்நடைகள் மேய்ந்த மண்ணையும் ஒப்பிட்டிருந்தார்கள். வளர்ப்புக் கால்நடை மேய்ந்த மண்ணின் நுண்ணுயிரிகள் தாம் தின்ற கார்பனில் குறைந்த பங்கைத்தான் உடலில் சேர்த்தன. மண்ணில் தங்கிய கார்பனும் குறைவு. நோய்க்குக் கொடுக்கும் டெட்ராசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் சாணத்தின் வழியாக மண்ணுக்குப் போய் நுண்ணுயிரிகளைப் பாதிப்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். ஆகவே, ஆடு நல்லது, ஆடு கெட்டது என்று ஒரே வரியில் எழுத முடியாது. எந்த விலங்கு, எத்தனை, எவ்வளவு நாள், எந்த மண்ணில் என்று நாலு கேள்வி கேட்ட பிறகுதான் பதில் சொல்லலாம்.

மூன்றாவது, வளை தோண்டும் விலங்குகள். திபெத்தியப் பீடபூமியில் பிகா என்று ஒரு சிறு விலங்கு. பார்க்க வாலில்லாத எலி மாதிரி, ஆனால் முயலுக்குத்தான் உறவு. புல்வெளி முழுக்க வளை தோண்டும். புல்லைக் கெடுக்கிறது என்று சீனாவில் பல பத்தாண்டுகள் அதற்கு விஷம் வைத்துக் கொன்றார்கள். ஆண்ட்ரூ ஸ்மித் போன்ற விலங்கியலாளர்கள் கிட்டே போய்ப் பார்த்து வேறு கதை சொன்னார்கள். பிகாவின் வளையில்தான் சில பறவைகள் கூடு கட்டுகின்றன. கழுகும் நரியும் பிகாவைத்தான் நம்பியிருக்கின்றன. வளை வழியாக மழைநீர் உள்ளே இறங்குகிறது. ஏற்கெனவே அதிகம் மேய்ந்து புல் குட்டையான இடத்தில்தான் பிகா பெருகுகிறது. பருந்து வருவதைப் பார்க்க அதற்குத் திறந்த வெளி வேண்டும். அப்படியானால் பிகா பெருகியதால் புல்வெளி கெட்டதா, புல்வெளி கெட்டதால் பிகா பெருகியதா? பல இடங்களில் விளைவைப் பிடித்துக் காரணம் என்று தண்டித்திருக்கிறோம். வகுப்பில் நானும் அதைத்தான் செய்திருந்தேன்.

கார்பன் கணக்கில் வளைக்கு இரண்டு பக்கமும் உண்டு. தோண்டும்போது அடிமண் மேலே வருகிறது, அதில் கார்பன் குறைவு. மூடியிருந்த மண்ணுக்குக் காற்று கிடைப்பதால் நுண்ணுயிரிகள் வேகமாகத் தின்று கார்பனை வெளியே விடுகின்றன. இது செலவு. புல்லும் இலையும் வளைக்குள் இழுத்துச் செல்லப்படுகின்றன, எச்சம் அங்கேயே சேர்கிறது. இது வரவு. வளை அளவாக இருந்தால் ஒன்றை ஒன்று ஈடுகட்டும். நெருங்கிப் போனால் தரை வெறுமையாகிச் செலவு மிஞ்சும்.

மண்புழுவை மறக்கக் கூடாது. சார்லஸ் டார்வின் சாவதற்கு முந்தைய ஆண்டு, 1881-இல், மண்புழுவைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே வெளியிட்டார். இங்கிலாந்தின் பல இடங்களில் ஓர் ஏக்கரில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடல் வழியாகப் போய் வருகிறது என்று கணக்கிட்டார். உலகப் புகழ் பெற்ற மனிதர் தன் கடைசிக் காலத்தில் வீட்டுத் தோட்டத்தில் குனிந்து புழுவின் எச்சத்தை நிறுத்துக்கொண்டிருந்தார். நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்.

இப்போது நம் மலைக்கு வருவோம். மேற்கே தெரியும் தொடர்ச்சி மலையின் உச்சிகளில், நீலகிரியில், பழனி மலையில், ஆனைமலையில், சோலைக்காடும் புல்வெளியும் மாறி மாறி இருக்கின்றன. அந்தப் புல்வெளியில் மேய்வது நம் மாநில விலங்கான வரையாடு. 2024-இல் நடந்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் காணப்பட்டன. நீலகிரியில் தோடர்களின் எருமைகளும் பல தலைமுறைகளாக மேய்ந்திருக்கின்றன.

வெள்ளைக்காரர் காலத்தில் அந்தப் புல்வெளியை 'சும்மா கிடக்கிற இடம்' என்று நினைத்துவிட்டார்கள். சீகை, தைலமரம், பைன் என்று வெளிநாட்டு மரங்களை நட்டார்கள். விடுதலைக்குப் பிறகும் நடவு தொடர்ந்தது. பழனி மலையில் 40 ஆண்டுகளுக்குள் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோப்பாகவும் விளைநிலமாகவும் மாறிவிட்டது என்று செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2018-இல் காட்டியது.

மரம் நல்லதுதானே என்று கேட்பீர்கள். மரம் இருந்த இடத்தில் மரம் நல்லது. காட்டை வெட்டியதால் வந்த புல்வெளியா இது என்ற சந்தேகத்துக்கு மண்ணே பதில் சொல்லிவிட்டது. ஆர். சுகுமாரும் அவருடன் இருந்தவர்களும் நீலகிரியின் சதுப்பு நிலத்தில், மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்த கரி மண்ணை எடுத்து, அதிலிருந்த கார்பனின் ஐசோடோப்புகளை அளந்து 1993-இல் வெளியிட்டார்கள். மேல்நிலை உயிரியலில் C3, C4 தாவரங்கள் நடத்துகிறோமே, அந்த வேறுபாடுதான் அளவுகோல். வெப்பமண்டலப் புற்களில் பல C4, மரங்கள் C3. இரண்டும் மண்ணில் விடும் கார்பனின் தடம் வேறு வேறு. அதைக்கொண்டு சுமார் 20,000 ஆண்டுகளின் கதையை வாசித்தார்கள். உறைபனிக் காலத்தின் வறட்சியில் அங்கே C4 புல் ஓங்கியிருந்தது, ஈரம் கூடியபோது C3 தாவரங்கள் கூடின. மனிதன் மலையேறிக் கோடாலி எடுப்பதற்கு முன்பே அங்கே புல் இருந்திருக்கிறது. அத்தனை காலம் மண்ணுக்குள் சேர்த்துவைத்த கார்பனின் மேல் ஒரு தோப்பை நட்டுவிட்டு, 'கார்பன் சேர்க்கிறோம்' என்று சொல்வது சரியான கணக்கு ஆகாது. தோப்பு எரிந்தால், வெட்டப்பட்டால், மரத்தில் சேர்ந்தது காற்றுக்குத் திரும்பிவிடும்.

இவ்வளவையும் படித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். முதலில் கரும்பலகையில் பழைய அம்புக்குறிகளை மறுபடி வரைந்து, "இது பாதிதான் சரி. மீதியை நான் தெரிந்துகொள்ளாமல் சொல்லிவிட்டேன்" என்றேன். அதற்கு முன்பே அந்தப் பையன் வீட்டுக்கு இன்னொரு முறை போய், "எனக்கு உன் உதவி வேண்டும்" என்று கேட்டு அவனை அழைத்து வந்திருந்தேன். அன்று அவன்தான் பாடம் எடுத்தான் என்று சொல்ல வேண்டும். கிடையை ஏன் இரண்டு மூன்று ராத்திரிக்கு மேல் ஓர் இடத்தில் மறிப்பதில்லை, பட்டியை எப்படி மாற்றி மாற்றி நிலம் முழுக்கக் கொண்டுபோவது, மேய்த்த இடத்துக்கு எத்தனை நாள் கழித்துத் திரும்ப வருவது என்று சொன்னான். 'சுழற்சி முறை மேய்ச்சல்' என்று நூல்களில் நான் படித்ததைத்தான் அவன் வீட்டுப் பேச்சில் சொன்னான்.

பிறகு சோதனை செய்தோம். ஒரு சம்சாரியிடம் அனுமதி வாங்கி, அவருடைய செவக்காட்டில் கிடை போட்ட பகுதி, போடாத பகுதி, புல் மண்டிய வரப்பு, நம் பள்ளி விளையாட்டுத் திடல் ஆகிய நான்கு இடங்களைத் தேர்ந்தெடுத்தோம்.

முதல் சோதனை, தண்ணீர் இறங்கும் நேரம். ஒரு சாண் பி.வி.சி. குழாய்த் துண்டை மண்ணில் பாதி அறைந்து, அளந்த தண்ணீரை ஊற்றி, வற்றும் நேரத்தைக் குறித்தோம். கிடை போட்ட இடம் முந்திவரும் என்று நான் நினைத்தேன். வரவில்லை. ஆடுகள் படுத்து மிதித்து மேல்மண் இறுகியிருந்தது, போடாத இடத்தைவிட மெதுவாகத்தான் வற்றியது. உழவு ஓட்டியபின் பார்த்தபோது அந்த வித்தியாசம் போய்விட்டது. வரப்பு எப்போதும் முதல். கடைசி இடம் நம் விளையாட்டுத் திடல். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள், "ஆட்ட விட நாமதான் சார் மோசம்" என்றார்கள்.

இரண்டாவது, காய்ந்த மண்கட்டியை டீ வடிகட்டியில் வைத்துத் தண்ணீரில் மெல்ல இறக்குவது. வரப்புக் கட்டி உடையாமல் நின்றது, உழவுநிலத்துக் கட்டி கரைந்து விழுந்தது. வேரும் அதைச் சார்ந்த உயிர்களும் விடும் பசைதான் கட்டியைப் பிடித்து வைத்திருந்தது.

மூன்றாவது, புரட்டாசி மழைக்குப் பிறகு ஒரே வேட்டியிலிருந்து கிழித்த பருத்தித் துண்டுகளை நான்கு இடத்திலும் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, இரண்டு மாதம் கழித்து எடுத்தோம். கிடை போட்ட இடத்தில் நூலாகத்தான் வந்தது. விளையாட்டுத் திடலில் துவைத்தால் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை. துணி வேகமாக மக்கினால் நுண்ணுயிரிகள் சுறுசுறுப்பாக இருக்கின்றன என்று மட்டும்தான் பொருள். கார்பன் அதிகம் சேர்கிறது என்று பொருளில்லை. மக்குவது செலவுப் பக்கமும்கூட. கார்பனை உண்மையில் அளக்க மண் பரிசோதனை நிலையம்தான் வேண்டும். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொன்னேன். அவர்கள் என்னைவிட எளிதாகப் புரிந்துகொண்டார்கள்.

கடைசியில் அந்த அப்பாவின் கேள்விக்கு என்ன பதில்? சம்சாரி துட்டு கொடுப்பதில் தவறில்லை. ஆடு நாள் முழுக்கப் புறம்போக்கிலும் குளத்தங்கரையிலும் மேய்ந்ததை ராத்திரி அவர் நிலத்தில் கொண்டுவந்து போடுகிறது. ஆடு கார்பனை உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. சம்சாரி நிலத்தில் வரவு என்றால் புறம்போக்கில் செலவு. புறம்போக்குக்கு ஓய்வு கிடைத்தால் புல் ஈடுகட்டும், கிடைக்காவிட்டால் கட்டாது. மேய்ச்சல் நிலம் சுருங்கச் சுருங்க அந்த ஓய்வு குறைகிறது. இதை அவரிடம் சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "எங்க அய்யா காலத்துல மேயுறதுக்கு எம்புட்டு எடம் கெடந்துச்சு சார். இப்ப எடம் இல்ல, அதான் சுத்திச் சுத்தி ஒரே எடத்துக்கு வாரோம்" என்றார். நான் ஆய்வுகளில் தேடிய காரணத்தை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

இதை நீங்களும் செய்யலாம். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பிள்ளைகளை வரப்போரம் அழைத்துப் போய் எலி வளை வாயில் கிடக்கும் மண்ணின் நிறத்தையும் மேல்மண்ணின் நிறத்தையும் ஒப்பிடச் சொல்லலாம். வளைக்குள் கை விடக் கூடாது, பாம்பு இருக்கும் என்பதை முதலில் சொல்லுங்கள். உயர்நிலை வகுப்புகளில் குழாய்ச் சோதனையைச் செய்யலாம், செலவு ஐம்பது ரூபாய்க்குள் முடியும். ஆடு மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருந்தால் அவனையோ அவளையோ முதலில் பேசவிடுங்கள்.

அந்தப் பையன் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதினான். இடையில் கிடையோடு போன நாட்களும் உண்டு, வருகைப் பதிவேடு சுத்தமாக இல்லை. ஆனால் போகும் முன் என்னிடம் சொல்லிவிட்டுப் போவான், வந்ததும் எங்கே மேய்ச்சல் எப்படி இருந்தது என்று சொல்லுவான். கரும்பலகையில் அம்புக்குறி போடும்போதெல்லாம், அது வகுப்பில் யார் மேல் போய்க் குத்தும் என்று இப்போது ஒரு நொடி பார்த்துக்கொள்கிறேன்.